அரை வீடு

இந்த அலங்கார வளைவைப் பார்த்துவிட்டுத்தானே வண்டியை நிறுத்தினீர்கள்? எல்லோரும் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். ‘ஸ்ரீ மாதம்மாள் நகர்’ என்று அவ்வளவு பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு பக்கமும் தாமரை மொட்டு வைத்துக் கட்டியிருந்தால் உள்ளே ஒரு நகர் இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எட்டிப் பார்த்திருப்பீர்கள். கம்பி வேலி, ஒரு தகரக் கொட்டகை, அரசாங்கத்தின் நீலப் பலகை. வேறு ஒன்றும் இல்லை.

மனை கிடையாது தம்பி. விற்றுப்போகவில்லை, விற்க முடியாது. ஓசூரில் கம்பெனி வேலையா? சட்டையிலேயே போட்டிருக்கிறது. உட்காருங்கள், வெயில் இறங்கட்டும். இந்த வழியாகப் போகிறவர்கள் என்னைப் பற்றி என்னென்னவோ சொல்லிக்கொண்டு போகிறார்கள். காவேரியப்பன் ஏமாந்துவிட்டான் என்கிறார்கள். காலேஜ் பிள்ளைகளோடு தொப்பி போட்டுக்கொண்டு தன் நிலத்தையே தோண்டிக் கொடுத்துவிட்டான் என்கிறார்கள். விஷயம் தெரியாமல் பேசினால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே பேசுகிறார்கள், அது வேறு.

நான் ஏமாறுகிற ஆள் இல்லை. கிருஷ்ணகிரி மண்டியில் மாங்கூடை தூக்கி ஆரம்பித்தவன். என் முதல் முதலாளி கூடைக்கு அடியில் அழுகலைப் போட்டு மேலே நல்லதை அடுக்கி அனுப்புவார். வாங்கியவன் திருப்பிக்கொண்டு வந்தால் என்னைக் கைகாட்டுவார். அடி எனக்கு. அன்றைக்குப் படித்ததுதான் என் படிப்பு: கூடையைக் கொட்டிப் பார்க்காமல் கை நீட்டாதே. அப்புறம் தரகு, அப்புறம் தோப்புக் குத்தகை, அப்புறம் நிலம். எங்கள் மண்டியில் வாயால் விலை பேச மாட்டோம். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் எதிராளியின் விரலைப் பிடித்துப் பேசுவோம். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது. அந்த விரல் எப்படிக் கிடக்கிறது என்பதை வைத்தே அவனுக்கு எவ்வளவு அவசரம் என்று சொல்லிவிடுவேன்.

இவ்வளவு செய்தவனுக்குச் சொந்த வீடு கிடையாது. கேட்டால் சிரிப்பீர்கள். ஊருக்கெல்லாம் வீடும் மனையும் பேசி முடித்தவன் வாடகை வீட்டில் இருக்கிறேன். பணம் வந்தால் அடுத்த தோப்பில் போடுவேன், அதிலிருந்து வந்தால் அதற்கடுத்த தோப்பில். வளைவில் இருக்கிறதே, மாதம்மாள், அது என் மனைவி. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் வாடகை வீட்டில்தான் குடித்தனம் செய்கிறாள். ஒரு ஓனர் ஆட்டுக்கல் வைக்கக் கூடாது என்பார், தரை போய்விடுமாம். ஒருத்தர் முருங்கைக் கொம்பு நடக் கூடாது என்பார். ஒருத்தர் அவள் தங்கச்சி வந்து தங்கியதற்குத் தண்ணீர்க் காசு கேட்டார். அவரிடம் நான் பேசிய பேச்சில் அடுத்த மாதமே அந்த வீட்டையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. மாதம்மாள் பெரிதாக ஒன்றும் கேட்கிறவள் இல்லை. “யாரையும் கேக்காம செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும், அவ்ளோதான்” என்பாள்.

அவளுக்காகத்தான் இந்த நிலம். ஆனைக்கரட்டின் அடிவாரம், நல்ல காற்று, தார் ரோடு பக்கத்தில். மனை பிரிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன், கரட்டை ஒட்டின வடமேற்கு மூலை உனக்கு, அதை யாருக்கும் விற்க மாட்டேன், மற்றதை விற்ற கையோடு அதில் வீடு கட்டுகிறேன் என்று. அவள் வந்து அந்த மூலையில் நின்று, அடுப்படி எங்கே, வாசல் எங்கே என்று காலால் கோடு போட்டுப் பார்த்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஜீப் வந்தது. பல்கலைக்கழகத்து ஆட்கள். கரடு புறம்போக்கு, யார் வேண்டுமானாலும் ஏறலாம். அதன் சரிவில் கற்காலத்து மனிதர்கள் குடியிருந்த ஊர் இருக்கிறதாம். இரும்பு தெரியாத காலம். கல்லைத் தேய்த்துக் கோடரி செய்து, மாடு மேய்த்துப் பிழைத்த ஜனங்கள். இருந்துவிட்டுப் போகட்டும், எனக்கென்ன? மேலே கிடைக்கிற வரைக்கும் எனக்கு ஒன்றும் இல்லை. அடிவாரத்தில், என் வேலியை ஒட்டி ஏதாவது கிடைத்தால்தான் வம்பு. பாதுகாக்கப்பட்ட இடம் என்று என் நிலத்தையும் சேர்த்து அறிவித்துவிடுவார்கள். அப்புறம் ஒரு செங்கல் வைக்க முடியாது.

வக்கீல் தசரதனிடம் போனேன். எனக்குப் பல வழக்கு நடத்தியவன். என் வாயால் வந்த வழக்குகள்தான்.

“கோடை லீவுல அங்க ஒரு பயிற்சி முகாம் நடத்துறாங்கண்ணே. தோண்டுறது எப்படின்னு சொல்லிக் குடுக்கறாங்க. பதினெட்டு வயசு ஆன யாரும் பணம் கட்டிச் சேரலாம். நீ போய்ச் சேந்துடு.”

“நான் எதுக்குடா?”

“உன் வேலிப் பக்கம் தோண்டுற குழி எதுன்னு பார்த்து அதுல போய் நில்லு. கரண்டி உன் கையில இருந்தா அடுத்தவன் கையில இல்ல. முகாம் முடியற வரைக்கும் நீ அங்க மண்ணத் தடவிக்கிட்டு இருந்தா போதும்.”

மாங்காய் சீசன் சார் அது. இல்லை, தம்பி. மன்னியுங்கள், அங்கே எல்லோரையும் சார் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. சீசனில் மண்டியை விட்டு வருகிறவன் பைத்தியக்காரன். மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன்.

முகாமை நடத்தியவர் சகாயராணி என்று ஒரு பேராசிரியை. தூத்துக்குடிப் பக்கம். குரலே எழாது. கட்டணத்தைக் குறைக்கச் சொன்னேன்.

“குறைக்க முடியாதுங்கய்யா.”

“பக்கத்து நிலத்துக்காரன் நான். கூடாரம் வேணாம், வீட்டுக்குப் போய்ப் படுத்துக்குவேன். அதைக் கழிச்சுக்குங்க.”

“கூடாரத்துக்கு நாங்க காசே வாங்கலங்கய்யா.”

ஆண்பிள்ளையாக இருந்தால் துண்டைப் போட்டுக் கையைப் பிடித்து ஆளை எடைபோட்டிருப்பேன். பெண்களிடம் துண்டு போடுகிற வழக்கம் இல்லை. அதனால்தான் முதலிலேயே எனக்குப் பிடி கிடைக்காமல் போனது. கடைசியில் ஒரு தொப்பி தருகிறேன் என்றார். சரி, வெறுங்கையோடு எழுந்திருக்கவில்லை என்று வாங்கிக்கொண்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் எல்லோர் தலையிலும் அதே தொப்பி.

நூல் கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்திருந்தார்கள். மேலே மரநிழல் இருந்த சதுரங்களுக்குப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். வேலியை ஒட்டின கடைசிச் சதுரத்தை யாரும் கேட்கவில்லை. பொட்டல், பாறைச் சூடு. நான் கேட்டேன். “வயசானவங்களுக்கு இருக்கிற ஆர்வத்தைப் பாருங்க” என்று மேடம் பிள்ளைகளிடம் சொன்னார். என் வயதைப் பற்றி அவர் பேசியிருக்க வேண்டாம்.

அந்த வேலை எப்படி என்றால், மண்ணை வெட்டக் கூடாது, சீவ வேண்டும். கொத்தனார் கரண்டியைப் படுக்கவைத்து, தோசைக்கல்லைச் சுரண்டுகிற மாதிரி. சீவின மண்ணைச் சல்லடையில் கொட்டிச் சலிக்க வேண்டும். அதிலும் ஒன்றும் இல்லை என்றால்தான் மண் வெளியே போகும். கூடையைக் கொட்டிப் பார்க்காமல் நம்பாதே என்கிற என் கட்சிதான் அவர்களும். அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நான் போனது தோண்டுவதற்கு இல்லையே. மெதுவாகச் சீவினேன். ஒரு கை மண் எடுத்தால் ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பேன். வேர் ஒன்று தென்பட்டால் அதைப் பிரஷ்ஷால் துடைத்துக்கொண்டே அரை நாள் ஓட்டுவேன்.

மேடம் என்ன செய்தார் தெரியுமா? எல்லோரையும் என் குழிக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“இப்படித்தான் தோண்டணும். ஐயாவைப் பாருங்க. எவ்வளவு நிதானம், எவ்வளவு பொறுமை.”

என் வாழ்க்கையில் என்னைப் பொறுமைசாலி என்று சொன்ன ஒரே ஆள் அந்த அம்மாள்தான். வீட்டில் வந்து சொன்னேன். மாதம்மாள், “எந்தக் காவேரியப்பனை?” என்றாள்.

முதலில் கிடைத்தது ஒரு சட்டி ஓடு. சாம்பல் நிறம். எனக்குத் திக்கென்றது.

“இதுக்கு என்னா வயசு மேடம்?”

“மூவாயிரத்தைந்நூறு வருஷம் இருக்கலாம். கூடவும் இருக்கலாம்.”

“அவ்வளவெல்லாம் சொல்லாதீங்க. இதே மாதிரி சட்டி போச்சம்பள்ளிச் சந்தையில நானே வாங்கியிருக்கேன். ஒரு நூறு வருஷம் போடுங்க.”

“அது சக்கரத்துல வச்சுச் செஞ்சதுங்கய்யா. இது கையாலயே வனைஞ்சது.”

“சரி, முந்நூறு.”

“இது பேரம் இல்லங்கய்யா.”

“ஐந்நூறு. அதுக்கு மேல எனக்குக் கட்டாது.”

அவர் சிரித்துவிட்டு ஓட்டைப் பையில் போட்டார். ஒற்றை ஓடு மழையில் மேலேயிருந்து உருண்டு வந்திருக்கும், அதை வைத்து இங்கே ஆள் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் மண்ணில் கீழே போகப் போக வயது கூடும், அதில் பேச்சுக்கு இடமில்லை என்றும் சொன்னார். பேச்சுக்கு இடமில்லாத சரக்கு என்று உலகத்தில் ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது ரங்கமன்னார்.

சென்னைக்காரர். பாங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பொழுது போகவில்லை என்று பணம் கட்டி வந்திருந்தார். அரைக்கால் சட்டை, முழங்காலுக்கு ஒரு மெத்தை, கழுத்தில் பூதக்கண்ணாடி. எனக்கு மேலே அடுத்த சதுரம் அவருடையது. லோன் கேட்டுப் போன காலத்தில் இந்த மாதிரி ஆட்கள்தான் என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே காப்பி குடித்தவர்கள். இவர் இல்லை. இவர் மாதிரி ஆட்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த மனுஷருக்குக் கையை வைத்த இடத்திலெல்லாம் கிடைத்தது. சாயங்காலம் டீ வருவதற்கு முன்னால் தார்ப்பாய் விரித்து, அவரவர் குழியில் கிடைத்ததை அவரவர் தட்டில் வைக்க வேண்டும். எல்லோரும் சுற்றி வந்து பார்ப்பார்கள். அவர் தட்டில் வழவழவென்று தேய்த்த கல் கோடரி, பாசிமணி, மாட்டுப் பல். என் தட்டில் ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் ஒன்றும் இல்லை. எனக்குச் சந்தோஷம்தான். காலித் தட்டு வேண்டும் என்றுதானே போனேன்.

“என்ன மிஸ்டர் காவேரியப்பன், இன்னிக்கும் தட்டைக் கழுவ வேண்டாம் போல இருக்கே.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றைக்கு நான் டீ குடிக்கவில்லை. டீ நன்றாக இல்லை.

வீட்டுக்கு வந்தால் மாதம்மாள் வாசலிலேயே நிற்பாள். தினமும் அதே கேள்வி.

“ஒண்ணும் கெடைக்கலையே?”

“கெடைக்கல.”

“சாமி காப்பாத்துச்சு. அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?”

“எப்படி இருக்குது?”

“எழவு வீட்டுக்குப் போய்ட்டு வந்த மாதிரி.”

மறுநாள் கொஞ்சம் வேகமாகச் சீவினேன். குழி ஆழமானால், ஒன்றும் இல்லை என்று எழுதிச் சீக்கிரம் மூடிவிடுவார்கள் என்கிற கணக்கு. வேறு எதுவும் இல்லை. தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொண்டேன். “கல்லு கில்லு ஏதாவது ஆப்டா கூப்பிடுங்க, லென்ஸ் தரேன்” என்று மேலேயிருந்து ரங்கமன்னார் சத்தம் கொடுத்தார். நான் குனிந்தபடியே சீவினேன்.

மண் திடீரென்று கெட்டியாயிற்று. கரண்டி வழுக்கியது. பாறை என்று நினைத்தேன். பிரஷ்ஷால் தள்ளிப் பார்த்தால் பாறை இல்லை. களிமண்ணைக் குழைத்துத் தட்டி மெழுகின தரை. தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வட்டம். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. வளைந்து வளைந்து வரிசையாகப் போகிறது.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? சொல்லுங்கள். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, நாலு கை மண்ணைத் தள்ளி, பாறை வந்துவிட்டது மேடம் என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போயிருக்க வேண்டும். தசரதனும் அதைத்தான் சொல்கிறான். ஆனால் மேலே அந்த மனுஷர் விசில் அடித்துக்கொண்டே ஏதோ எலும்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன்.

“மேடம், இங்க ஒரு தடவை வந்துட்டுப் போங்க” என்றேன். கரடு முழுக்கக் கேட்டிருக்கும்.

அந்த அம்மாள் குழியில் இறங்கினார். மண்டி போட்டார். அப்புறம் அந்தக் கறுப்பு வட்டம் ஒவ்வொன்றையும் தொடாமல் விரலை மட்டும் மேலே வைத்துக் காட்டினார்.

“மரக்கம்பம் நட்ட குழிங்கய்யா. கம்பம் மக்கிப்போச்சு, அது நின்ன எடம் மட்டும் கறுப்பா நிக்குது. இது வீடு. கல்லு, ஓடு இதெல்லாம் மேல நெறையக் கெடைக்குது. வீடு இதுவரைக்கும் ஒருத்தருக்கும் கெடைக்கல.”

ஒருத்தருக்கும் கிடைக்கவில்லை என்றார். அதை அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். பிள்ளைகள் ஓடிவந்தார்கள். ஒரு பெண் என்னைத் தரையோடு சேர்த்துப் போட்டோ எடுத்தது. அன்றைக்கு என் தட்டில் வைக்க ஒன்றும் இல்லை, ஏனென்றால் வீட்டைத் தட்டில் வைக்க முடியாது. அதையும் நான் எல்லோருக்கும் எடுத்துச் சொன்னேன்.

கடைசியாக ரங்கமன்னார் இறங்கி வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் பார்த்தார். கம்பக் குழி வரிசை வளைந்து போய் என் வேலிக்கு அடியில் நுழைந்துவிடுகிறது. அந்தப் பக்கம் என் நிலம்.

“அடடா. அரை வீடுதான்” என்றார்.

அரை வீடு. ஒரு மனுஷன் வேகாத வெயிலில், சீசனை விட்டுவிட்டு, தோண்டி எடுத்து வைக்கிறான். அரை வீடு என்கிறார்.

சகாயராணி மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த அம்மாளைக் குறை சொல்ல மாட்டேன், எதையும் மறைக்கவில்லை.

“ஐயா, மிச்சம் உங்க நெலத்துல இருக்கு. நீங்க சரின்னு எழுதிக் குடுத்தாத்தான் நாங்க தோண்ட முடியும். வேண்டாம்னா இதோட மூடிருவோம். பாதித் தரை, அதுவும் சந்தேகம்னுதான் நான் எழுத முடியும், அதுக்காக உங்க எடத்தை யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா முழு வீடும் கெடைச்சா நான் மறைக்க முடியாது. இந்த எடத்தை எடுத்துக்கணும்னு நானே எழுதுவேன். நீங்க வீடு கட்ட முடியாது. வீட்ல கலந்து பேசிட்டு நாளைக்குச் சொல்லுங்க.”

தசரதனுக்குப் போன் போட்டேன். “முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கெளம்பி வாண்ணே” என்றான். மாதம்மாளுக்கும் போட்டிருக்கலாம். அவள் அந்த நேரத்தில் வேலையாக இருப்பாள்.

நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும் தம்பி. அத்தனை நாளில் முதல் தடவையாகச் சரக்கு என் கையில். வேண்டும் என்று கேட்டு நிற்பது எதிராளி. இந்த நிலைமையில் போனை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் வியாபாரியே இல்லை. டீ நேரம், எல்லோரும் தார்ப்பாயைச் சுற்றி நிற்கிறார்கள். அங்கேயே பேச்சை ஆரம்பித்தேன்.

“தர்றேன். ஆனா நாலாயிரம் வருஷம்னு எழுதணும்.”

“அது என் கையில இல்லங்கய்யா. அடுப்புக் கரி கெடைச்சா ஆய்வுக்கு அனுப்புவோம். அவங்க சொல்றதுதான்.”

“மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.”

“முடியாதுங்கய்யா.”

ரங்கமன்னார் குறுக்கே வந்தார். “அன்னிக்கு ஐந்நூறுக்கு மேல கட்டாதுன்னீங்களாமே.”

“அன்னிக்குச் சரக்கு என்னுது இல்ல” என்றேன்.

வருஷத்தில் அந்த அம்மாள் இறங்கிவரவில்லை. சரி என்று வேறு பக்கம் பிடித்தேன். வேலிக்கு உள்ளே தோண்டுகிற குழியில் ரங்கமன்னார் கால் வைக்கக் கூடாது. கடைசி வரைக்கும் கரண்டி என் கையில்தான் இருக்க வேண்டும். இரண்டுக்கும் உடனே சரி என்றார். உடனே சரி என்றால் நாம் குறைத்துக் கேட்டுவிட்டோம் என்று அர்த்தம். எனக்கு அது உறுத்தியது. ஆகவே, சாயங்காலம் டீ முதலில் என் குழிக்கு வந்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போக வேண்டும் என்று சேர்த்தேன். அதற்கும் சரி என்றார். அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ரங்கமன்னார் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் பேசின பேரங்களிலேயே அதுதான் பெரிய பேரம். இன்றைக்கும் சொல்வேன்.

வேலியை நானே பிடுங்கினேன். முகாம் முடிவதற்குள் முழு வட்டமும் வெளியே வந்துவிட்டது. நடுவில் மூன்று கல் அடுப்பு, கரியோடு. ஓரத்தில் ஒரு அரவைக் கல், தூசி படாமல் கவிழ்த்துவைத்தபடி. அந்த வீட்டுக்காரி வேலை முடிந்து கவிழ்த்திருக்கிறாள். தரையைப் பல தடவை மெழுகியிருக்கிறார்கள், ஒரு மெழுக்கின் மேல் இன்னொரு மெழுக்கு, விளிம்பில் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும். கிழக்குப் பக்கம் கம்பக் குழி இல்லாமல் ஒரு இடைவெளி. வாசல்.

வேலியைக் காணோம் என்று யாரோ மாதம்மாளிடம் சொல்லிவிட்டார்கள். ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன்.

“பாரு, கெழக்குப் பாத்த வாசல். ஓடை கூப்பிடு தூரம், தண்ணிக் கஷ்டம் இல்ல. மேக்கால கரடு இருக்கறதால சாயங்கால வெயில் உள்ள அடிக்காது. அடுப்பு நடுவுல, பொகை மேலால போயிடும். எடம் தெரிஞ்சு கட்டியிருக்கான்.”

அவள் குழியின் ஓரத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். மனை பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை.

“நம்ம மூலை மனை எதுன்னு சொன்னீங்க?”

“இதான்.”

“எது?”

“நீ பாத்துக்கிட்டு இருக்கறதுதான்.”

அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நானும் அடுப்படி அங்கதான் வரும்னு நெனச்சிருந்தேன்” என்றாள். அப்புறம், “அவன் பொண்டாட்டி குடுத்துவச்சவ” என்றாள்.

அவளுக்கே பிடித்துப்போய்விட்டது என்று மேடத்திடம் சொன்னேன். மேடம் என்னைப் பார்க்காமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ரங்கமன்னார், குழிக்கு வெளியே நின்றபடியே, மாதம்மாளைப் பார்த்து எதற்கோ கும்பிட்டார்.

ஆவணியில் கலெக்டர் ஆபீசில் விசாரணை வைத்தார்கள். நிலத்தை எடுப்பதில் ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். தசரதன் நன்றாகத் தயார் செய்துகொண்டு வந்திருந்தான். மாதம்மாளும் வந்து பின்னால் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் சரியாகப் பேசியிருந்தால் நிலம் மிச்சம் என்று அவன் இன்னும் சொல்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? அவன் எழுந்து என்ன சொன்னான் தெரியுமா?

“ஐயா, அது வீடே இல்லை. ஆடு மேய்க்கிறவங்க போட்ட பட்டி. நூறு வருஷம்கூட இருக்காது.”

என் வக்கீல். என் காசில் வந்த வக்கீல். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் எழுந்துவிட்டேன்.

“ஆட்டுப்பட்டிக்கு அடுப்பு எதுக்குடா? ஆடு சமைக்குமா? தரையை அத்தனை தடவை மெழுகியிருக்காங்களே, எந்த ஆடு மெழுகிச்சு?”

தசரதன் சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. கம்பக் குழி, அரவைக் கல், வாசல், ஒன்று விடாமல் சொன்னேன். அதிகாரி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டே வந்தார். அவ்வளவு மரியாதையாக ஒரு அரசாங்க அதிகாரி என் பேச்சைக் கேட்டு நான் பார்த்ததில்லை. முடித்ததும், “அப்ப உங்க தரப்பில ஆட்சேபம் எதுவும் இல்லன்னு எடுத்துக்கலாமா?” என்றார்.

“இருக்குது சார். வருஷத்தைக் கொறைச்சுப் பேசறதுல எனக்கு ஆட்சேபம் இருக்குது” என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தேன். மாதம்மாள் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்தாள். உள்ளே புழுக்கம்.

அதோடு சரி. நீலப் பலகை வந்துவிட்டது. நிலத்துக்கு ஏதோ தருவார்களாம், எப்போது என்று பலகைக்குத்தான் தெரியும். கரி ஆய்வுக்குப் போய், மூவாயிரத்து நானூறு என்று வந்திருக்கிறது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கரியை அடுப்பின் ஓரத்திலிருந்து எடுத்து அனுப்பினார்கள், நடுவிலிருந்து எடுத்திருக்க வேண்டும். மேடத்துக்கு வாரம் ஒரு போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் அவரே எடுப்பார். இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள்.

போன வாரம் மறுபடியும் வீடு மாறினோம். இருந்த வீட்டு ஓனர் தன் மகன் கல்யாணத்துக்கு இடம் வேண்டும் என்றுவிட்டார். புது வீடு பழையபேட்டையில். ஓனர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, “இந்த வயசுல வாடகைக்கு வர்றீங்களே, சொந்தமா ஒண்ணும் பண்ணிக்கலையா?” என்று கேட்டார். கேட்கிற கேள்வியா அது? எனக்குச் சுர்ரென்று வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாதம்மாள் முந்திக்கொண்டாள்.

“எடம் இருக்குதுங்க. அதுல வேற குடும்பம் இருக்குது.”

“காலி பண்ணச் சொல்றதுதானே?”

“ரொம்ப நாளா இருக்கறவங்க. எழுப்ப முடியல.”

“அதாங்க தொல்லை. உள்ள விட்டுட்டா அவ்ளோதான். கேஸ் போடுங்கம்மா.”

“கேஸு வரைக்கும் போச்சுங்க. எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சு நின்னு அவங்களுக்குச் சாட்சி சொல்லிட்டு வந்துட்டாரு.”

அவள் சிரிக்கவில்லை. அந்த ஆள் என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மாதம்மாள் பக்கம் திரும்பி, “அட்வான்ஸ் பாதி குடுத்தாப் போதும்மா” என்றார்.

நான் அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை தம்பி. வாயே திறக்காமல் எனக்கு ஒரு பேரம் படிந்தது அதுதான் முதல் தடவை.